பாடத்திட்டத்தில் இல்லாத உதறல்

1. நடுவில் நிறுத்தினார்கள்

“யமே!” என்றார் தேர்வாளர்.

கராத்தேயில் அந்தச் சொல்லுக்கு ‘நிறுத்து’ என்று பொருள். சண்டையில் அதை அடிக்கடி கேட்கலாம். கட்டாவின் நடுவில் கேட்க முடியாது. கட்டா என்பது எதிரில் ஆள் நிற்பதாக எண்ணிக்கொண்டு தடுப்பு, குத்து, உதை, திருப்பம் என்று வரிசை மாறாமல் தனியாகச் செய்துகாட்டுவது. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். தப்புச் செய்தாலும் தேர்வாளர் பேசாமல் மார்க்கைக் குறைத்துக்கொள்வார், நிறுத்தமாட்டார். நான் அறிய அன்றைக்குத்தான் ஒரு கட்டாவை நடுவில் நிறுத்தினார்கள். நின்றது என் மாணவி.

மதுரையில் ஒரு மண்டபம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிளாக் பெல்ட் கிரேடிங், அதாவது கறுப்பு பெல்ட்டுக்கான தேர்வு. நான் சுவரோரம் மற்ற ஊர் மாஸ்டர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ‘மேட்’ என்னும் ரப்பர் விரிப்பின் மேல் பழுப்பு பெல்ட் கட்டி ஸ்டெல்லா நின்றாள். தேர்வாளர்கள் மூன்று பேர். பிரதான தேர்வாளர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

“எந்த ஊரும்மா நீ?”

“கோவில்பட்டி கிளாஸ், மேடம். ஊரு கழுகுமலைப் பக்கம்.”

“கால்ல அடிபட்டிருக்கா?”

“இல்ல மேடம்.”

“அப்ப ஒவ்வொரு உதைக்கு முன்னாடியும் எதுக்குக் காலை உதறுற?”

ஸ்டெல்லா தன் காலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன்.

“உதறலையே மேடம்.”

“அந்த முன் உதையை மட்டும் திரும்பச் செய். மெதுவா.”

செய்தாள். மண்டபத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. நல்ல உதை. முழங்கால் சரியான உயரத்துக்கு வந்தது. இடுப்பு முன்னால் போனது.

“கட்டாவுல காரணம் இல்லாத அசைவு கிடையாது. இந்த உதறலுக்கு என்ன பங்காய்?” என்று கேட்டார் தேர்வாளர். பங்காய் என்றால் ஓர் அசைவுக்கான விளக்கம். இந்தக் கை ஏன் மேலே போகிறது, இந்தக் கால் ஏன் பின்னால் வருகிறது என்று சொல்லியும் செய்தும் காட்ட வேண்டும். பழுப்பு பெல்ட்டிலிருந்து மேலே அது கட்டாயம்.

“தெரியல மேடம்.”

“தெரியாத அசைவை பிளாக் பெல்ட் செய்யக் கூடாது. எதிராளி உன் காலைப் பாத்துக்கிட்டே இருந்தா போதும், உதை வரப்போகுதுன்னு நீயே சொல்லிடுற. குமித்தே சண்டை முடியட்டும். கடைசியா உன்னை ஒரு தடவை கூப்பிடுறேன். அப்பவும் உதறினா அடுத்த கிரேடிங்ல பாத்துக்கலாம்.”

அடுத்த கிரேடிங் ஆறு மாதம் கழித்து. மற்றவர்களுக்கு அது ஆறு மாதம்தான். ஸ்டெல்லாவுக்கு அப்படி இல்லை. அவள் ஊரை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தர ஆள் தேடினார்கள். பெண்ணாக இருக்க வேண்டும், பிளாக் பெல்ட் இருக்க வேண்டும். “ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள சர்டிபிகேட்டோட வா, உனக்குத்தான். இல்லைன்னா தூத்துக்குடியில இருந்து ஒருத்தங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்று அந்தத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். ஸ்டெல்லா பி.ஏ. முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். உட்கார ஸ்டூல் கிடையாது. அந்தப் பள்ளிக்கூட வேலையை அவள் எப்படி நினைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

2. நானும் என் சிலபஸும்

இதைப் படிக்கிறவர்களில் புதிதாகக் கிளாஸ் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் இருப்பீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா ஆடு மேய்த்தார். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அதனால் சின்ன வயதில் அம்மா ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பதாகவே நான் வெளியில் சொல்லித் திரிந்தேன். முதல் தலைமுறையாகப் படிக்கிறவனுக்கு ஒரு குணம் வந்துவிடும். அச்சில் இருப்பதெல்லாம் சரி என்று நம்புவான். அச்சில் இல்லாததைக் கவனிக்கமாட்டான். எனக்கு அது நிறைய இருந்தது.

எங்கள் சங்கத்து கிரேடிங் சிலபஸை நான் பெரிதாக அச்சடித்து, லேமினேட் செய்து கிளாஸில் தொங்கவிட்டிருக்கிறேன். வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு நிற்கும் முறை, நேர்க்குத்து, முதல் கட்டா. ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று போகப் போகத் திருப்பங்கள், உதைகள், அடுத்தடுத்த கட்டாக்கள். பழுப்பில் பங்காய் சேரும். கறுப்பில் தேர்வாளர் அடிப்படைக் கட்டாக்களில் எதை வேண்டுமானாலும் கேட்பார். பெல்ட் ஏற ஏற அசைவுகள் கூடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் கூடுவது கேள்விகள்தான். மஞ்சள் பெல்ட்டிடம் “கையைத் தூக்கினாயா?” என்று பார்ப்பார்கள். கறுப்பிடம் “ஏன் தூக்கினாய்?” என்று கேட்பார்கள்.

இதைப் பெற்றோருக்குப் புரியவைப்பது பெரிய பாடு. ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் சாயங்காலம் பைக்கை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

“மாஸ்டர், நம்ம பையன் மூணு மாசமா வாரான். இன்னும் வெள்ளையாவே இருக்கான்.”

“ஸ்டான்ஸ் இன்னும் சரியாகல அண்ணாச்சி. முழங்கால் மடங்க மாட்டேங்குது.”

“அது வீட்டுலயும் மடங்காது, அவங்க ஆத்தாவுக்கே மடங்காது. துணிதான மாஸ்டர்? நம்ம கடையில எல்லா கலரும் கெடக்கு. என்ன கலருன்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கே கட்டிவிட்டுருதேன்.”

நான் சிலபஸைக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு மரியாதையாகப் படித்தார். “இவ்ளோ இருக்கா?” என்றார். அச்சுக்கு அந்த மதிப்பு உண்டு. பையன் இன்னும் நாலு மாதம் வெள்ளையாகவே இருந்தான்.

கிளாஸ் நடக்கும் இடம் ஒரு மூடிய தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் கிடக்கும் காலி மனை. அந்த ஆபீஸின் பின்சுவரில்தான் சிலபஸ் தொங்குகிறது. முழுக்கக் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்துவிட்டால் காலை எடுக்க எடுக்க மண்ணும் கூடவே எழுந்து வரும். வெறுங்காலோடு போனவன் செருப்புப் போட்டவன் மாதிரி திரும்புவான். மழை நின்றுவிட்டால் கிளாஸ் உண்டு என்பது என் மாஸ்டர் காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு. நானும் அந்த மனையில்தான் கற்றேன். என் கிரேடிங்கும் அங்கேதான் நடந்தது. அப்போது பிளாக் பெல்ட் கிரேடிங்கையும் அந்தந்த ஊரிலேயே அந்தந்த மாஸ்டர்களே நடத்துவார்கள். பிறகுதான் சங்கம் விதியை மாற்றியது. நிற பெல்ட்டுகள் உள்ளூரில், கறுப்பு மட்டும் மதுரையில், வெளியூர்த் தேர்வாளர்கள் முன்னால்.

அந்த விதி வந்த பிறகு எங்கள் மனையிலிருந்து மதுரைக்குப் போன முதல் ஆள் ஸ்டெல்லா.

3. செபாஸ்தியான் அண்ணாச்சி கேட்ட கேள்வி

மண்டபத்துக்கு வெளியே வராந்தாவில் வந்து நின்றோம். ஸ்டெல்லாவின் அப்பா செபாஸ்தியான் அண்ணாச்சி அங்கே காத்திருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்கு ஒரு பருத்தி லோடை விட்டுவிட்டு எங்களோடு பஸ்ஸில் வந்திருந்தார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தார்.

நான் ஸ்டெல்லாவிடம், “மனசை ஒருமுகப்படுத்து. காலை மட்டும் கவனி. உதறாதே” என்றேன். மாஸ்டர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

“மாஸ்டர், நான் உதறுததே எனக்குத் தெரியல. தெரியாதத எப்படி நிப்பாட்ட?” என்றாள்.

அண்ணாச்சியின் போனை வாங்கிப் பார்த்தோம். முதலில் சாதாரண வேகத்தில். ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெதுவாக ஓடவிட்டோம். பின்கால் தரையை விட்டு எழும்புவதற்கு முன்னால், கணுக்காலில் ஒரு சுண்டு. ஈரக்கையை உதறுவது போலப் பாதம் ஒருதரம் வெட்டி, அதற்குப் பிறகுதான் முழங்கால் மேலே போகிறது. அடுத்த உதையிலும் அதே. பக்க உதையிலும் அதே. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“இதுக்கா நிப்பாட்டுனாவ?”

“ஆமா அண்ணாச்சி.”

“இதுல என்ன தப்பு? கரிசல்ல நடக்குதவன் உதறாம காலைத் தூக்குவானா? நான் வண்டியில ஏறும்போதும் உதறிட்டுத்தான் ஏறுதேன். இல்லேன்னா பிரேக்குல கால் நிக்காதுல்லா.”

நானும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“மாஸ்டர், நீங்க ஒரு உதை விடுங்க பாப்போம்” என்றார் அண்ணாச்சி.

விட்டேன். வராந்தாவின் மொசைக் தரையில், மே மாத வெயிலில், சுற்றுவட்டாரத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லாத இடத்தில்.

“பாருட்டி! மாஸ்டரும் உதறுதாரு!” என்று அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். ஸ்டெல்லாவும் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் வந்து, சிரிப்பு நின்றுபோனது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனையில் சாயங்காலம் வரிசையாக நிற்கும் பிள்ளைகளை நினைத்தேன். நான் “இச்!” என்று ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு எண்ணத் தொடங்கியதும் அத்தனை கால்களும் ஒன்றாக ஒருதரம் வெட்டி, பிறகு ஒன்றாக எழும்பும். ஒரு கால் உதறினால் உதறல் என்று தெரியும். எல்லாக் கால்களும் சேர்ந்து உதறினால் அது தாளம் போல இருக்கும். அந்தத் தாளத்தை நான் ரசித்திருக்கிறேன். எங்கள் கிளாஸின் ஒழுங்கு என்று விருந்தினர்களிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் மண்ணை உதறித்தான் காலை எடுக்க வேண்டும், அப்போது அது தேவை. மழைக்காலம் முடிந்ததும் உடம்புக்கு யாரும் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. வெயில் காலத்திலும் உதறிக்கொண்டே இருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளை மண் இல்லாத மாதத்தில் சேர்ந்தாலும், முன்வரிசை அக்காவைப் பார்த்து உதையோடு உதறலையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். இது எந்தச் சிலபஸிலும் இல்லை. அதனால் நானும் பார்க்கவில்லை.

4. குமித்தே

காரணம் தெரிந்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது என்பார்கள். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் கூடியது.

வராந்தாவிலேயே ஸ்டெல்லா உதைத்துப் பார்த்தாள். உதறக் கூடாது என்று நினைத்தபோது கால் கட்டை போல விறைத்தது. விறைத்த கால் தாமதமாக எழும்பியது. தாமதத்தைச் சரிக்கட்ட உடம்பு முன்னால் சாய்ந்தது. கைத்தடுப்பு மறந்துபோனது. நான் ஒன்றைத் திருத்தச் சொல்ல, வேறு மூன்று கெட்டுப்போயின. “போதும். விடு” என்றேன். அதற்குள் குமித்தேக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

குமித்தே என்றால் நேருக்கு நேர் மோதுவது. பிளாக் பெல்ட் கிரேடிங்கில் ஜெயிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பயமில்லாமல், நிதானம் இழக்காமல், எதிராளியைக் காயப்படுத்தாமல் ஆடினால் போதும். ஸ்டெல்லாவுக்கு எதிரே திண்டுக்கல் பெண் ஒருத்தி. நெட்டையானவள். காலையில் சிரித்தவர்களில் அவளும் உண்டு. அவள் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா உதைக்கும் ஒவ்வொரு தடவையும், உதை கிளம்புவதற்கு முன்பே அவள் ஒதுங்கிவிட்டாள். தேர்வாளர் சொன்னது அப்படியே கண்முன்னால் நடந்தது.

ஸ்டெல்லா ஒரு கட்டத்தில் உதைப்பதையே விட்டுவிட்டுக் கையாலேயே ஆடினாள். பின்வாங்கவில்லை. இரண்டு குத்துகளைச் சுத்தமாகச் சேர்த்தாள். வணங்கிவிட்டு வெளியே வந்து, வராந்தாப் படியில் உட்கார்ந்தாள்.

“குமித்தே ஒண்ணும் மோசமில்லை” என்றேன்.

“கட்டா இருக்கே மாஸ்டர்.”

“விடு பாப்பா” என்றார் அண்ணாச்சி. “ஆறு மாசந்தான? கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்.”

“ஆறு மாசம் போயிரும்ப்பா. அந்த வேல இருக்குமா?”

அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாகத்தான் அவளை அழைப்பார்கள்.

5. குழாயடி

முகம் கழுவ ஸ்டெல்லா மண்டபத்தின் பக்கவாட்டில் இருந்த குழாயடிக்குப் போனாள். நாங்களும் கூடப் போனோம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் தரையில் விழுந்து அவள் பாதத்தில் தெறித்தது. அவள் முகம் கழுவாமல் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ப்பா, வேல முடிஞ்சு நம்ம வீட்டுக்குள்ள வரும்போது நீங்க காலை உதறுவீயளா?”

“வீட்டுக்குள்ள எதுக்குட்டி உதறணும்? உங்கம்மை வாசல்ல தண்ணி வச்சிருப்பாள்லா. கழுவித் துடைச்சிட்டுல்ல ஏறுவேன். உதறிக்கிட்டு ஏறுனா வெளக்குமாத்தத் தூக்கிட்டு வந்துருவா.”

“நானும் வீட்டுக்குள்ள உதற மாட்டேன்” என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு என் பக்கம் திரும்பினாள். “மாஸ்டர், நான் இங்கன வந்ததுல இருந்து காலே கழுவல. பஸ்ஸுல வந்து, எறங்கி, நேரா மேட்டுல ஏறியாச்சு. காலு இன்னும் நம்ம மனையில நிக்கதா நெனச்சுக்கிட்டு இருக்கு.”

எனக்கு உடனே புரியவில்லை. அவளுக்கு விளக்க நேரமும் இல்லை. குழாய்க்கு அடியில் ஒரு காலை வைத்தாள். விரலிடுக்கு, குதிகால், கணுக்கால் என்று தேய்த்துக் கழுவினாள். பிறகு மற்றக் கால். எங்கள் ஊரில் சாயங்காலம் வீட்டுக்குள் ஏறுகிறவர்கள் கழுவுவது போல, அவசரமில்லாமல். அப்பா கையிலிருந்து துண்டை வாங்கி நன்றாகத் துடைத்தாள்.

“இதெல்லாம் கராத்தேயில உண்டா மாஸ்டர்?” என்று அண்ணாச்சி மெதுவாக என்னிடம் கேட்டார்.

“சிலபஸ்ல இல்ல அண்ணாச்சி.”

“ஏட்டி, இங்க இருந்து உள்ள போகதுக்குள்ள மறுபடியும் புழுதி ஒட்டுமே. தூக்கிட்டுப் போகவா?”

“ப்பா! எல்லாரும் பாத்துச் சிரிப்பாவ!”

செருப்பையும் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மண்டப வாசல்வரை அதோடு நடந்து, வாசலில் கழற்றிவிட்டு, நேராக மேட்டில் கால் வைத்தாள். வீட்டுப் படியேறுகிறவள் போலவே இருந்தது.

தேர்வாளர் காலையில் கேட்ட அதே கட்டாவைக் கேட்டார். ஹெய்யான் என்ற அடிப்படைக் கட்டா வரிசையில் நாலாவது. உதைகள் நிறைய உள்ள கட்டா. முதலில் இடப்பக்கம் ஒரு பக்க உதை வரும். பாதத்தை இழுத்துச் சேர்த்து, முழங்காலை எடுக்க வேண்டும். நான் அவள் கணுக்காலையே பார்த்தேன்.

பாதம் வெட்டவில்லை. கால் இருந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்தது.

வலப்பக்கமும் அப்படியே. முன் உதை வந்தது. அது சத்தமே இல்லாமல் போய் வந்தது. அவள் உதைகளை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். இவ்வளவு சீக்கிரம் அவை போகும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சி போனைப் பிடிக்க மறந்து வாயைத் திறந்து நின்றார். கடைசி முன் உதைக்கு முன்னால் மட்டும் ஒரு கணம் தயங்கினாள். கணுக்கால் வெட்டப் பார்த்தது போல இருந்தது, வெட்டவில்லை. முழங்கால் குத்து, திருப்பம், இரண்டு கத்திக்கைத் தடுப்பு. தொடங்கிய இடத்தில் வந்து நின்றாள்.

தேர்வாளர் எழுதவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

“இதுக்குள்ள எப்படிம்மா மாத்தின?”

“காலைக் கழுவிட்டு வந்தேன் மேடம்.”

“புரியல.”

ஸ்டெல்லா சொன்னாள். மழைக்காலத்து மனை, காலோடு எழுந்து வரும் கரிசல், வாசல் தண்ணீர், எல்லாவற்றையும் நாலைந்து வாக்கியத்தில் சொன்னாள். அந்த அம்மா கடைசிவரை சிரிக்கவில்லை. மற்ற இரண்டு தேர்வாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“காலையில கேட்டப்ப பங்காய் தெரியலன்னு சொன்ன. இப்பச் சொன்னியே, அதுதான் பங்காய்” என்றார் அவர். “கடைசி உதையில யோசிச்ச. கட்டாவுல யோசிக்கக் கூடாது. போ.”

சாயங்காலம் பெயர்களை வாசித்தபோது ஸ்டெல்லாவின் பெயரும் இருந்தது. பஸ் சாத்தூர் தாண்டும் வரை செபாஸ்தியான் அண்ணாச்சி பக்கத்து இருக்கைக்காரரிடம் கராத்தேயில் கால் கழுவுவதன் முக்கியத்துவத்தை விளக்கிக்கொண்டு வந்தார்.

6. இப்போது செய்வது

அதற்குப் பிறகு என் கிளாஸில் சிலவற்றை மாற்றினேன். மாதத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளை வேறு தரைக்குக் கூட்டிப்போகிறேன். இடைசெவல் பக்கம் ஒருவர் தானியம் காயப்போடும் சிமெண்ட் களத்தைத் தருகிறார். உளுந்து காயாத நாளில் அங்கே போவோம். ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில் விடுகிறார்கள். ஒருமுறை மணலில் செய்யவைத்தேன். ஒவ்வொரு தரையிலும் ஏதாவது ஒன்று உதிர்கிறது. சிமெண்டில் நின்றபோதுதான், வெடிப்பைத் தாண்டிப் பழகிய கால்கள் வெடிப்பே இல்லாத இடத்திலும் அகலமாக விழுவதைப் பார்த்தேன். சிலபஸ் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எது வேண்டும் என்று அது சொல்கிறது. எது கூடுதலாக ஒட்டியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

இன்னொன்று. கராத்தே தெரியாத ஒருவரை அவ்வப்போது கிளாஸைப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். பெரும்பாலும் ஜவுளிக்கடை அண்ணாச்சிதான் அகப்படுகிறார். “எல்லாப் பிள்ளைகளும் சத்தம் போடும்போது உங்களை மாதிரியே ஒரு கண்ணைச் சுருக்குதே, அது எந்த பெல்ட்டுக்கு மாஸ்டர்?” என்று போன வாரம் கேட்டார். அதையும் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒருநாள் ஸ்டெல்லா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். அவள் மைதானத்தில் வகுப்பு எடுக்கவில்லை, கட்டடத்தின் நீண்ட வராந்தாவில் எடுத்தாள். வராந்தாவின் முனையில் குழாயும், அதை ஒட்டிப் பழைய துண்டுகள் தொங்கும் கயிறும் இருந்தன. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கால் கழுவித் துடைத்து வரிசைக்கு வந்தார்கள்.

“யோய்!” என்றாள் ஸ்டெல்லா. தயார் என்று அர்த்தம்.

வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் இடது காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தது. சுத்தமாக இருக்கிறதா என்று. பார்த்துவிட்டுக் காலை வைத்து, நிமிர்ந்து, முதல் தடுப்பைச் செய்தார்கள். ஒருத்திகூடத் தப்பவில்லை. நல்ல ஒழுங்கு.

நான் தூணோரம் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டாள்.

“தெரியும் மாஸ்டர்” என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். “போன வாரந்தான் கண்டுபிடிச்சேன். அடுத்த வாரம் இவிய எல்லாத்தையும் உங்க மனைக்குக் கூட்டிட்டு வாரேன். சகதியில நின்னா உள்ளங்காலைப் பாக்க முடியாதுல்லா.”

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஏட்டி, கட்டாவுல தலை குனியக் கூடாது. முன்னால பாருங்க. நான் செய்யுதேன், கவனிங்க” என்று அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள். பிளாக் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். இடது காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள்.